பலகையில் ஏறாத படம்

1

போன திங்கட்கிழமை பள்ளி அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என் சான்றிதழ் இந்த மாதக் கடைசியில் காலாவதி ஆகிறதாம். பயங்கரவாதத் தடுப்புப் பயிற்சியை மறுபடி முடித்துத் தர வேண்டுமாம்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். நான் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறு நகரத்தில், ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியை. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பது, கோட்டின் ஜிப்பைப் போட்டுவிடுவது, யார் யாரைக் கடித்தது என்று விசாரிப்பது, இவைதான் என் வேலை. ஆனால் இந்த நாட்டில் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள், அந்தப் பிள்ளைகளில் யாராவது தீவிரவாதத்தின் பக்கம் இழுக்கப்படுவதற்கான அடையாளம் தெரிந்தால் சொல்லியாக வேண்டும். அதற்குக் கணினியில் ஒரு பாடம், கடைசியில் சில கேள்விகள், தேறினால் சான்றிதழ்.

போன வருடம் நான் ஒரு கேள்வியும் தவறவிடவில்லை. குன்னூரில் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து நான் அப்படித்தான். அடிக்கோடு போடச் சொன்னால் அளவுகோல் வைத்துப் போடுகிறவள்.

இந்த முறை நான்காவது கேள்வியில் நின்றுவிட்டேன். "ஒருவர் ஏன் பயங்கரவாதத்தின் பக்கம் போகிறார்? பொருந்துவன அனைத்தையும் தேர்ந்தெடுக்கவும்." தனிமை. கோபம். தான் யார் என்ற தேடல். அநீதி நடந்துவிட்டது என்ற எண்ணம். சாகச ஆசை. ஐந்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். போன வருடம் தேர்ந்தெடுத்தேன். இந்த வருடம் விரல் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். எழுதுவது சரிதானா என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பெயரை எழுதாமலே விட்டிருக்கிறேன். அதுவும் கோழைத்தனம்தானோ என்னவோ.

2

நாங்கள் இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. என் கணவர் செந்திலுக்கு ஒரு கிடங்கில் சரக்குக் கணினி வேலை. அவருடைய விசாவில் தொங்கிக்கொண்டு நானும், மகள் தியாவும். முதல் வருடம் முழுக்க நான் தமிழ் பேசியது செந்திலோடும், தொலைபேசியில் அப்பாவோடும்தான். தியாவோடு நான் தமிழில் பேசுவேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சுவரில் பந்தடிப்பது மாதிரி அது.

பிறகு சுகந்தி வந்தாள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வன்னியில் பிறந்தவள், என்னைவிட ஒரு வயது சின்னவள். பேருந்து நிறுத்தத்தில் நான் தியாவைத் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்கள் இந்தியாவோ? நீங்கள் பேசுறது கேக்க நல்ல வடிவா இருக்கு. பிள்ளைக்குத்தான் நோகும்" என்று சிரித்தாள். அவளுடைய மகன் இனியனும் தியாவும் ஒரே வயது.

தியாவின் தமிழை மீட்டுக்கொடுத்தவன் இனியன்தான். ஒரே மாதத்தில் அவள் 'ஓம்' என்றும் 'கதைப்பம்' என்றும் பேச ஆரம்பித்தாள். குன்னூர்ப் பக்கத்துக் கேத்தியிலிருந்து அப்பா கூப்பிட்டு, "கண்ணு, பால் குடிச்சியா?" என்று கேட்டால், "ஓம் தாத்தா, குடிச்சனான்" என்பாள். "ஏம்மிணி, உம்புள்ள எந்த ஊருப் புள்ள?" என்று அப்பா என்னிடம் கேட்பார். எந்த ஊர்த் தமிழானால் என்ன, என் பிள்ளையின் வாயில் தமிழ் வந்தது. வாரத்தில் மூன்று நாள் சுகந்தி வீட்டில் சாப்பிட்டோம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தியாவை ஐந்து நாள் வைத்துக்கொண்டவள் அவள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் எழுதிக் கொடுத்தது யாரோ ஒரு வீட்டைப் பற்றி அல்ல என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

3

போன வருடம் இதே மாதத்தில் பள்ளியில் 'என் குடும்பம்' என்று ஒரு வாரம் நடத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு படம் கொண்டுவர வேண்டும். நடைவழியில் பெரிய பலகை. அதில் படத்தைக் குத்தி, கீழே பிள்ளையே தன் கையால் ஒரு சொல் எழுத வேண்டும்.

தியா பக்கத்து வகுப்பு. அவள் தன் தாத்தாவின் படத்தைக் கொண்டுபோனாள். என் அப்பா குன்னூர்ப் பக்கத்தில், வெடிமருந்து செய்யும் அரசுத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். காக்கிச் சீருடையில், தொழிற்சாலைக் கேட்டுக்கு முன்னால் விறைப்பாக நிற்கும் படம் அது. எங்கள் வகுப்பு ஆசிரியை பார்த்துவிட்டு, "எவ்வளவு மிடுக்கான சீருடை! தாத்தா என்ன வேலை செய்தார்?" என்று கேட்டாள். "குண்டுக்குள் போடும் பவுடர் செய்தார்" என்றாள் தியா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படம் பலகையில் ஏறியது.

அரை மணி கழித்து இனியன் வந்தான். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான். வகுப்பில் மூன்று பெரியவர்கள் இருந்தோம். அவன் நேராக என்னிடம் வந்து என் கையில்தான் கொடுத்தான். "மிஸ், இது எங்கட மாமா. கவனமா வைங்கோ. ஒண்டுதான் இருக்கு."

பதினாறு, பதினேழு வயதுப் பையன். வரிகள் போட்ட சீருடை. கையில் துப்பாக்கி, அதன் குழல் கிட்டத்தட்டத் தாடையைத் தொடுகிறது. முகத்தில் மீசைகூடச் சரியாக வரவில்லை.

ஆசிரியை எட்டிப் பார்த்தாள். "ஓ, ராணுவத்தில் இருக்கிறாரா? அருமை" என்றாள். அவளுக்கு அதற்கு மேல் தெரியாது. அந்தக் கட்டடத்தில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. அது எந்தச் சீருடை, எந்த இயக்கம், அந்த இயக்கம் இந்த நாட்டில் தடைசெய்யப்பட்டது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"ஆமாம், அவனுடைய மாமா" என்று சொல்லிவிட்டுப் பலகையில் குத்தியிருக்கலாம். இரண்டு நொடி வேலை. நான் படத்தை உறைக்குள் திருப்பி வைத்து, "இதைப் பத்திரமாக மேஜைக்குள் வைக்கிறேன் கண்ணா" என்றேன். இனியன் பலகையைப் பார்த்தான். தன் இடம் எது என்று அவன் முன்னாடியே பார்த்து வைத்திருந்தான் போல, தியாவின் தாத்தாவுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைக் காட்டினான். "அதிலை வைக்கலாம்" என்றான்.

பிறகு வைக்கலாம் என்றேன்.

4

மதியம் செந்திலுக்குத் தொலைபேசி செய்தேன்.

"ஏனுங்க, இனியன் ஒரு படம் கொண்டாந்திருக்கானுங்க."

அவர் முழுக்கக் கேட்டார். "யாராச்சும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. ஆனா அவங்களுக்குத் தெரியலைங்க."

"இன்னிக்குத் தெரியல. நாளைக்கு எவனாவது பாத்துப்போட்டு, அங்க ஒரு தமிழ்க்காரி இருந்தாளே, அவ ஏன் சொல்லலைன்னு கேட்டா? நம்ம விசா அடுத்த வருசம் புதுப்பிக்கோணும்."

"சுகந்திங்க அது."

"தெரியும். நான் எழுதுன்னும் சொல்லல, எழுதாதேன்னும் சொல்லல."

இது செந்திலின் வழக்கம். எதையும் சொல்ல மாட்டார். ஆனால் சொல்லாததை நான் செய்ய வேண்டும்.

அவர் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. எனக்குள் வேறொன்றும் இருந்தது. அதை எங்கள் மலைக்காரர்களிடம்தான் சொல்ல முடியும்.

அப்பாவின் தொழிற்சாலைக்குள் தீப்பெட்டி போகக் கூடாது. ஆணி அடித்த செருப்பு போகக் கூடாது. கேட்டில் காவலர் சோதிப்பார். அதற்கு முன்பே வரிசையில் நிற்கிறவர்கள் தங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். பின்னால் நிற்கிறவர் முன்னால் நிற்கிறவரின் சட்டைப்பையை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். விளையாட்டு மாதிரி இருக்கும். விளையாட்டு இல்லை. நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, கார்த்திகைக்கு மறுநாள் காலை, அப்பா தட்டிய பையில் ஒரு தீக்குச்சி இருந்தது. ஒரே ஒரு குச்சி. அந்தப் பை மணியண்ணனுடையது. அப்பாவின் கூட்டாளி, எங்கள் குவார்ட்டர்ஸில் நான்கு வீடு தள்ளி. முந்தின நாள் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு மறந்துபோய்ப் பையில் போட்டிருக்கிறார். அப்பா கேட் காவலரிடம் சொல்லிவிட்டார். மணியண்ணனுக்கு நான்கு மாதம் சஸ்பென்ஷன்.

"மறந்துதானே போட்டாரு?" என்று அம்மா கேட்டாள்.

"மருந்துக்கு மனசு தெரியாது" என்றார் அப்பா. வெடிமருந்தை எங்கள் வீடுகளில் மருந்து என்றுதான் சொல்வோம். நீ நல்லவனா, கெட்டவனா, மறந்தாயா, வேண்டுமென்றே செய்தாயா என்று அது கேட்டுக்கொண்டிருக்காது. ஆகவே குச்சியைப் பார்த்தால் சொல்லிவிட வேண்டும். சொல்வது துரோகம் இல்லை.

நான் வளர்ந்தது இந்த நியாயத்தில். குவார்ட்டர்ஸில் நாங்கள் எல்லாரையும் அப்படித்தான் பார்த்தோம். இலங்கையிலிருந்து திரும்பி வந்து எஸ்டேட்டில் வேலை செய்தவர்களின் லைன் வீடுகளுக்குப் போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது என்று கேள்விப்பட்டால், "நெருப்பில்லாமப் பொகையுமா?" என்று அம்மா சொல்வாள். நாங்கள் மேற்கொண்டு சாப்பிடுவோம்.

பிற்பகல் இரண்டரைக்கு நான் அந்தப் படிவத்தை நிரப்பினேன். 'உங்கள் கவலை என்ன?' என்ற கட்டத்தில் ஏழு வரி. தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சீருடை. ஆயுதம். குழந்தை அதைப் பெருமையோடு காட்டியது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எங்கள் பள்ளியில் இதைக் கவனிக்கும் அம்மாள் படிவத்தை வாங்கிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "நீ செய்தது மிகச் சரி" என்றாள். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். நான் ஒன்று எடுத்துத் தின்றேன்.

5

மூன்று வாரம் கழித்து சுகந்தி என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு கடிதம்.

"அக்கா, எனக்கு விளங்கேல்லை. என்னவோ இனியனைப் பற்றிக் கதைக்க வரப்போகினமாம். அவன் ஆருக்கும் அடிச்சவனோ?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

"அந்தப் படத்தாலைதான் எண்டு இவர் சொல்லுறார். நான் அண்டைக்குக் குளிச்சுக்கொண்டிருக்க, அவன் தானே சுவரிலை இருந்து எடுத்துப் பையுக்குள்ளை வச்சிட்டான். மிஸ்ஸிட்டைக் குடுத்தனான் எண்டு மட்டும் சொல்லுறான். நீங்கள் அண்டைக்கு லீவு போலை. இருந்திருந்தா விளங்கப்படுத்தியிருப்பீங்கள்."

நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஆட்டல். அதில் நம் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

அவர்கள் வரும் நாளில் கூட வந்து உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். பயங்கரவாதத் தடுப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண், ஓர் ஆண். கழுத்தில் அட்டை. சோபாவின் நுனியில் உட்கார்ந்து, காலணியைக் கழற்ற வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். மேஜையில் ஒரு தொலைபேசி. அதற்குள் இருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரின் குரல், சென்னைத் தமிழ். சுகந்தி எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள். எனக்குச் சீனி குறைவாக.

படத்தில் இருப்பது யார் என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என்ரை தம்பி. அவனைக் கொண்டு போனவை" என்றாள் சுகந்தி.

தொலைபேசிக் குரல் ஆங்கிலத்தில், "அவளுடைய தம்பி. அவன் இயக்கத்தில் போய்ச் சேர்ந்தான்" என்றது. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

நான் என்னை அறியாமல் குறுக்கே பேசினேன். "இல்லை. அவன் தானாகப் போகவில்லை. பிடித்துக்கொண்டு போனார்கள்." அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எழுதியதை அடித்தாள். ஒரு வருடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

பிறகு சுகந்தி சொன்னாள். வீட்டுக்கு ஒரு பிள்ளை தர வேண்டும் என்று இயக்கம் கேட்ட காலம். தம்பியை அம்மா மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு கிடங்கு, அதாவது குழி, வெட்டி ஒளித்து வைத்திருந்தாள். இரண்டு மாதம். ஒரு நாள் காலையில் நேராக அந்தக் கிடங்குக்கே வந்தார்கள். தம்பி கையில் புட்டோடு ஏறி வந்தான். அடுத்த ஐந்தாவது மாதம் இந்தப் படத்தையும் ஒரு கடிதத்தையும் அம்மாவிடம் கொடுத்தார்கள். வீர மரணம் என்று எழுதியிருந்தது. ஓடும்போது வீட்டு ஆல்பம் எல்லாம் போய்விட்டது. அவனுக்கு இந்த ஒரு படம்தான் மிச்சம்.

"துவக்கை வெட்டிப்போட்டு முகத்தை மட்டும் வைப்பம் எண்டு அம்மா கத்தரிக்கோல் எடுத்தவ. குழல் நாடிக்குக் கிட்ட இருக்கு. வெட்டினால் நாடியும் போயிடும். அப்பிடியே விட்டிட்டா."

அந்த ஆண் முதல் முறையாக வாயைத் திறந்தான். அந்த இயக்கத்தைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

சுகந்தி தொலைபேசியைப் பார்த்துப் பேசவில்லை. என்னைப் பார்த்துப் பேசினாள். "என்ரை தம்பியைக் கொண்டு போனது அவை. அவையை அழிக்கிறம் எண்டு வந்தவை எங்கட தலையிலையும் சேர்த்துத்தான் குண்டு போட்டவை. அம்மா அதிலை போனவ. நான் ஆரை வெறுக்க வேணும், ஆரை வெறுக்கக் கூடாது எண்டு இவையிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ அக்கா. அது மாதிரியே செய்யுறன்."

"மறுபடி சொல்லுங்க" என்றது தொலைபேசிக் குரல்.

மேல் நடவடிக்கை தேவையில்லை என்று ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. சுகந்தி என்னிடம் அதை வாசித்துக் காட்டச் சொல்லி, நன்றி சொல்லி, ஒரு டப்பா நிறைய பயற்றம் பணியாரம் கொடுத்தனுப்பினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

6

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று செந்தில் சொன்னார். எது முடிந்தது? பள்ளி திருப்பிக் கொடுத்த படத்தைச் சுகந்தி மறுபடி சுவரில் மாட்டவில்லை, பெட்டிக்குள் வைத்துவிட்டாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. 'குடும்பத்தில் யார் யார்?' என்று வகுப்பில் கேட்டால் இனியன் அப்பா, அம்மா என்று இரண்டு விரலோடு நிறுத்திக்கொள்வான். அவன் தமிழில் பேசுவதைப் பள்ளியில் நிறுத்திவிட்டான். அவன் நிறுத்தியதால் தியாவும் நிறுத்தினாள். "தமிழ் ரகசியம்" என்று ஆங்கிலத்தில் ஒரு நாள் சொன்னாள். யார் சொன்னது என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள்.

எனக்கு ஒரு வருடமாகக் கோபம் குறையவே இல்லை. முதலில் அந்தப் பயிற்சிக் கேள்வியின் மேல். அந்த ஐந்து கட்டங்களையும் பாருங்கள். தனிமை, கோபம், தேடல், அநீதி, சாகசம். எல்லாக் காரணமும் போனவனுக்குள்ளேயே இருக்கிறது. அனுப்பியவனுக்கு ஒரு கட்டம் இல்லை. புட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழியிலிருந்து ஏறி வந்த பையனுக்கு ஒரு கட்டம் இல்லை. பிள்ளைகளைக் கேட்டு வாங்குகிறவன் சாவதில்லை, அல்லது கடைசியாகத்தான் சாகிறான். அவனுக்கு மேடை, பேச்சு, கொள்கை எல்லாம் இருக்கும். எந்தக் கொடியாக இருந்தாலும், எந்தச் சாமியாக இருந்தாலும், அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் உடம்பில்தான் அவன் தன் கடிதத்தை எழுதுகிறான். சந்தையிலும் பேருந்திலும் சாகிறவர்களும் அவனுக்குக் காகிதம்தான். அவன் எழுதுவது அவர்களுக்கு அல்ல, பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு. பயப்படு என்று எழுதுகிறான். நாம் ஒழுங்காகப் படித்துவிட்டுப் பயப்படுகிறோம்.

பிறகு அரசாங்கங்களின் மேல் கோபம். என் அப்பா செய்த மருந்து எங்கே போய் வெடித்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அந்தச் சம்பளத்தில்தான் எனக்குச் சோறு, படிப்பு, கல்யாணம். அவரை ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. அவர் படம் பலகையில் ஏறியது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சட்டமும் கொலையும் ஒன்றில்லை, எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு சீருடைப் படங்களில் ஒன்றைப் பார்த்துச் சிரித்து, இன்னொன்றைப் பார்த்து நடுங்கியவள் நான். நடுங்கியபோது அந்தப் பையன் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் அக்கா இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள்.

மருந்துக்கு மனசு தெரியாது. அப்பா சொன்னது மருந்துக்குச் சரி. ஐந்து வயதுப் பிள்ளை மருந்து இல்லை. மனுசரை மருந்தாகப் பார்ப்பதுதான் குண்டு வைக்கிறவன் செய்வது. அவனைப் பிடிக்கிறேன் என்று கிளம்பிய நானும் அதையே செய்தேன்.

இப்படியெல்லாம் நன்றாகத்தான் யோசிக்கிறேன். யோசித்துக்கொண்டே ஒரு வருடம் சுகந்தி வீட்டில் சாப்பிட்டேன்.

7

அந்த மின்னஞ்சல் வந்த மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு அவர் கேத்தியில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காரட் போடுகிறார். எடுத்ததும் காட்டெருமைக் கதை.

"ரெண்டு வந்துச்சு கண்ணு. ஒரு பாத்தி பூரா மிதிச்சுப்போட்டுப் போயிருச்சு. திங்கக்கூட இல்ல. சும்மா நடந்து போயிருக்குது. கேட்டா காட்டுல வழி இதுதானாம்."

நான் பேச்சைத் திருப்பி, முழுவதையும் சொன்னேன். ஒரு வருடமாக அவருக்கும் சொல்லவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், இல்லை, ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எது என்று எனக்கே தெரியவில்லை.

"எழுதுனது எழுதுனதுதான். உம்பட வேல அது" என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "நீ போயிச் சொன்னப்ப அந்தச் சுகந்திப் புள்ள என்ன சொல்லுச்சு?"

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அம்மிணி? லைன்ல இருக்கியா?"

"ஒண்ணும் சொல்லலைங்கப்பா" என்றேன்.

"பாவம்" என்றார். மறுபடி காட்டெருமைக்குப் போய்விட்டார். நான் சொல்லியிருப்பேனா மாட்டேனா என்ற சந்தேகமே அவருக்கு வரவில்லை.

தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்கு அந்தச் சாயங்காலம் முழுசாக ஞாபகம் வந்தது. மணியண்ணனின் பையில் குச்சி கிடைத்த அன்று, வேலை முடிந்து வந்த அப்பா முகம்கூடக் கழுவாமல் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு மணியண்ணன் வீட்டுக்குப் போனார். தொழிற்சாலை ஆட்களின் வழக்கம் அது. வரிசையில் எவன் சொன்னானோ அவன் அன்றைக்கே அந்த வீட்டு வாசலுக்குப் போய், நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் தன் வீட்டில் சோறு. தூறலில் நின்றோம். மணியண்ணன் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிதான் வெளியே வந்தார்.

"வந்துட்டாரு பாரு தருமரு! காப்பி வெக்கட்டுங்களா, இல்ல டம்ளருக்குள்ள தீக்குச்சி கெடக்குதான்னு தட்டிப் பாத்துப்போட்டுக் குடிப்பீங்களா?"

"நாந்தானுங்க சொன்னேன்" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். அந்த அம்மாள் வாயில் வந்ததை எல்லாம் சொல்லி முடிக்கும் வரை நின்றார். எனக்கு அவமானமாக இருந்தது, அவர் கையை இழுத்தேன். அவர் நகரவில்லை.

அவமானத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டேன். சொல்லிவிடுகிற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன். போய் நிற்கிற பாதியை மலையிலேயே விட்டுவிட்டேன்.

8

நேற்று பள்ளி விட்டதும் தியாவை அழைத்துக்கொண்டு சுகந்தி வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் இரண்டும் முன்னறையில் விளையாடின. சுகந்தி சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை.

"சுகந்தி, அன்னைக்கு நான் லீவு இல்லை. இனியன் படத்தை என் கையிலதான் கொடுத்தான். நாந்தான் எழுதிக் கொடுத்தேன்."

கத்தி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அரிய ஆரம்பித்தாள். முழு வெங்காயத்தையும் அரிந்து முடித்தாள்.

"பிறகு வந்து என்ரை வீட்டிலை இருந்து தேத்தண்ணி குடிச்சனீங்கள்."

"ஆமா."

"பணியாரமும் கொண்டு போனனீங்கள்."

"ஆமா."

"நல்லா இருந்ததோ?"

அவள் கத்தியைக் கழுவி வைத்தாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"தம்பி ஒளிச்சிருந்த கிடங்கைக் காட்டிக் குடுத்தது பக்கத்து வீட்டு மாமி. எங்களுக்குச் சோறு தந்தவ. நான் அவவின்ரை மடியிலை வளந்தனான். அவவுக்கும் ரெண்டு பிள்ளையள். அதுகளை விடோணும் எண்டால் வேறை ஒரு வீட்டைக் காட்டு எண்டிருப்பினம். பயம்தான். எனக்கு விளங்குது. ஏன் செய்தனீங்கள் எண்டு நீங்கள் சொல்ல வேண்டாம். எல்லாருக்கும் ஒரு ஏன் இருக்கு அக்கா. அந்த மாமிக்கும் இருந்தது. வந்து கொண்டு போனவைக்கும் ஏதோ இருந்திருக்கும். அந்த ஏன் எல்லாத்தையும் விளங்கி விளங்கி எனக்குக் களைச்சுப் போச்சு."

"என்னை மன்னிச்சுரு."

"என்னட்டை என்னத்துக்குக் கேக்கிறீங்கள்? படத்தை உங்கட கையிலை தந்தது நானில்லை."

முன்னறைக்குப் போனேன். இனியனுக்கு இப்போது ஆறு வயது. ரயில் தண்டவாளம் கோத்துக்கொண்டிருந்தான். அவன் உயரத்துக்கு மண்டியிட்டேன். தமிழில்தான் பேசினேன். "இனியா, போன வருசம் நீ மிஸ்கிட்ட மாமா படம் கொடுத்தியே. அதை மிஸ் பலகையில வைக்கலை. அது மிஸ் செஞ்ச தப்பு. நீ ஒண்ணும் தப்புச் செய்யலை."

அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில், மிக மரியாதையாகச் சொன்னான்: "எனக்கு மாமா இல்லை, மிஸ்."

சுகந்தி உள்ளே போனாள். பெட்டியின் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பிளாஸ்டிக் உறையோடு வந்து மகனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, படத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இது ஆர்? சொல்லு."

தியா விளையாட்டை விட்டுவிட்டுப் பார்த்தாள். அவள் நாக்கு நுனியில் பதில் இருந்தது எனக்குத் தெரிந்தது.

இனியன் படத்தைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. மெல்லத் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான், சொல்லலாமா என்று.